பத்து ஐந்து முதல் பதினொன்றரை வரை

அழகாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதெல்லாம் குமட்டுகிறது. பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைகளின் மூக்கையும் பின்புறத்தையும் துடைத்துக்கொண்டிருக்கிறேன், முதல் வருஷத்துக்கு அப்புறம் அதில் வராத குமட்டல். அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு வாய் நீண்டுவிட்டது என்று இன்னும் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். நடந்தது இதுதான்.

எங்கள் பள்ளிக்கு முதலாளி கிடையாது. இருபத்திரண்டு குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற மழலைப் பள்ளி. வாடகை வீடு, பின்னால் மணல்குழி, ஒரு சறுக்குமரம். எழுத்து கிடையாது, மனப்பாடம் கிடையாது. பிள்ளைகள் விளையாடுவார்கள், அதுதான் படிப்பு. டீச்சர் நான் ஒருத்திதான். தினமும் இரண்டு பெற்றோர் முறை வைத்து டியூட்டிக்கு வருவார்கள். எந்தப் பிள்ளை விழுந்தாலும், அழுதாலும், துணியிலேயே போய்விட்டாலும் அன்றைய டியூட்டிக்காரர் பார்க்க வேண்டும். என் பிள்ளை, உன் பிள்ளை என்ற பேச்சே இருக்கக் கூடாது. சேரும்போது அத்தனை பேரும் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்குச் சம்பளம் கொடுப்பவர்களும், அடுத்த வருஷம் நான் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்பவர்களும் அவர்கள்தான். கூட்டத்தில் எனக்கு ஓட்டு கிடையாது.

டியூட்டிக்கு வருகிறவர்கள் வீட்டுக்குப் போகும் முன் கவனிப்பு நோட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும். ஏதாவது ஒரு பிள்ளை, அது என்ன செய்தது, அவ்வளவுதான். 'சமத்து', 'வாலு' என்றெல்லாம் எழுதாதீர்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், விளையாட்டில் குறுக்கே போகாதீர்கள் என்று தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். இந்தப் புத்திசாலித்தனத்துக்கு நானே பிறகு அனுபவித்தேன்.

எங்களிடம் 'வண்டி' என்று ஒரு பயல் உண்டு. மூன்றரை வயசு. காலையில் செருப்பைக் கழற்றும்போதே கண் மரவண்டியைத் தேடும். அதில் கட்டைகளை ஏற்றிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவான், எல்லோர் காலிலும் ஏற்றுவான். சிறுநீர் வந்தால் சொல்லிவிடுவான், இன்னொன்றுக்கு மட்டும் சில நாள் சொல்ல மறந்துவிடுவான். அந்த வயசில் அது அதிசயமில்லை. அவன் அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறார், போனால் பத்து நாள். அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. நோயாளிகளின் விரிப்பையெல்லாம் துவைத்துக் காயவைத்து மடிக்கிற வேலை. பாதி ஷிஃப்டில் ஓடி வந்தால் அவள் மேற்பார்வையாளருக்குப் பிடிக்காது. இரண்டு தடவை பொறுத்தாயிற்று, மூன்றாவது தடவை வீட்டிலேயே இருந்துகொள் என்று சொல்லிவிட்டாராம். அந்த இரண்டாவது தடவையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சறுக்குமரத்திலிருந்து விழுந்து ஒரு பெண் குழந்தைக்கு மோவாய் கிழிந்துவிட்டது. தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். அன்று டியூட்டியில் இருந்தவர்கள் பெற்றோர் குழுவின் தலைவரான பல் டாக்டரும், செயலாளர் அம்மாவும். செயலாளர் அம்மாவுக்கு விளம்பரங்களுக்கு வாசகம் எழுதுகிற தொழில். சோப்புக்கும் பெயிண்டுக்கும் எழுதி எழுதி, வார்த்தை என்றால் அவருக்குக் கை வந்த கலை. தையல் போட்டு நான் திரும்பும்போது மணி பன்னிரண்டு. வண்டியின் அம்மா வந்து அவனைக் கூட்டிப்போய்விட்டதாகச் சொன்னார்கள், வயிறு சரியில்லையாம். நானும் கேள்வி கேட்கவில்லை.

சாயங்காலம் நோட்டைத் திறந்தால் செயலாளர் அம்மாவின் கையெழுத்தில் இப்படி இருந்தது:

"10.05 முதல் 11.30 வரை. ஜன்னலோரச் சுவர். குழந்தை தன் வண்டியைத் தொடவே இல்லை. கால்களை அகட்டி, உறுதியாக ஊன்றி நின்றது. ஒருமுறைகூட உட்காரவில்லை. மற்றவர்களின் ஆட்டத்தை அசையாமல் பார்த்தது. பெரியவர்கள் யாரும் குறுக்கிடவில்லை. தனக்குள் ஆழ்ந்துபோன ஒரு தனி விளையாட்டு."

படித்ததும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் நிற்காத பயல் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறான், அதைக் கெடுக்காமல் ஒருத்தி பார்த்து எழுதியும் இருக்கிறாள். மறுநாள் காலை அந்தப் பக்கத்தை எடுத்து வாசல் பலகையில் குத்தினேன். 'கவனிப்பு என்றால் இது' என்று மேலே சிவப்பு மையில் வேறு எழுதினேன். கால்களை அகட்டி நின்றது, உட்காரவே இல்லை. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். பிள்ளை வளர்த்த எவளுக்கும் பார்த்த மாத்திரத்தில் புரிந்திருக்கும், டீச்சருக்குப் புரியவில்லை.

வண்டியின் அம்மா அதைப் பலகையில் நின்று இரண்டு தடவை படித்தாள். அவளுக்கு அந்த இடத்தில் எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. மற்ற பெற்றோர் ஒருவரையொருவர் வா, போ என்பார்கள், இவள் மட்டும் எல்லோரையும் மேடம், சார் என்பாள். அன்று முகமெல்லாம் பூரித்துப் போய், ஒரு தாளில் அதை எழுதி எடுத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டாள். அன்றைக்கு அவன் அப்படி அசிங்கம் பண்ணியும் மேடம் ஒரு வார்த்தை தப்பாக எழுதவில்லையே என்றாள். எழுதிக்கொண்டு போய்த் தன் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டினாள். அதோடு விடாமல் பள்ளியின் திரைச்சீலைகளையும் பொம்மை உடுப்புகளையும் மூட்டையாகக் கட்டி, துவைத்துத் தருகிறேன் என்று தூக்கிப்போனாள்.

அடுத்த வாரம் வண்டி மூன்று தடவை துணியில் போனான். மறந்துபோய் அல்ல, வந்தால் சொல்லவே பயப்பட்டான். எனக்கு அதுவும் உறைக்கவில்லை. நான் கழுவி விட்டேன், அவ்வளவுதான். ஆனால் செயலாளர் அம்மாவிடமிருந்து எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. தானாகக் கழிப்பறைக்குப் போகத் தெரியாத குழந்தைகள், அந்தத் தயார்நிலை வரும்வரை, வீட்டின் அரவணைப்பிலேயே இருப்பது அவர்களுக்கே நல்லது; சனிக்கிழமைக் கூட்டத்தில் ஓட்டுக்கு விடலாம். அப்படிப்பட்ட குழந்தை பள்ளியில் ஒன்றே ஒன்றுதான். அவனை அரவணைக்க வீட்டில் பகலில் ஆளே கிடையாது. அவன் வெளியே போனால் அவள் வேலையும் போகும்.

வியாழக்கிழமைதான் எனக்கு விஷயம் தெரிந்தது, அதுவும் விளையாட்டில். செயலாளர் அம்மாவின் மகள், நாலு வயசு, பொம்மை வீட்டு மூலையில் தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். துணிக்கரடியைச் சுவரோரம் நிற்க வைத்து, அதன் காலை அகட்டி விட்டாள். தன் மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டாள். ஒரு மரக்கட்டையைக் காதில் வைத்து, சீக்கிரம் வாங்க என்று யாரிடமோ சொன்னாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கரடிக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"கக்கா போயிட்டான். நாங்க தொட மாட்டோம். அவங்கம்மா வந்துதான் தொடுவாங்க."

"எவ்ளோ நேரம் நிக்கணும்?"

அவள் விரல் விட்டு யோசித்தாள். "பாட்டு முடியணும். கதை முடியணும். பழம் சாப்பிட்டு முடியணும்."

கரடிக்குப் பழம் உண்டா என்றேன். உண்டு என்று தலையாட்டிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தரையில் வைத்து, காலால் சுவர்ப்பக்கம் தள்ளி விட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். வண்டி தன் வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு ஒரு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் செயலாளர் அம்மாவை வாசலில் பிடித்துக் கேட்டேன். மறைக்கவும் இல்லை, கூச்சப்படவும் இல்லை. தனக்குக் குமட்டிக்கொண்டு வந்ததாம், அது உடம்பு வாகாம். பல் டாக்டரைக் கேட்டாராம், அவர் மணல்குழியை விட்டு நகராமல், அம்மாவுக்கே போன் பண்ணிவிடலாமே என்றாராம். சலவைக்கூடத்து இரைச்சலில் செய்தி போய்ச் சேரத் தாமதமானதற்கு இவர் என்ன செய்வார்? உட்கார்ந்தால் பாயெல்லாம் ஆகும் என்றுதான் நிற்கச் சொன்னாராம். அந்த டாக்டர் நாள் முழுக்க அடுத்தவர் வாயில் கை விடுகிறவர், கையுறை மாட்டிக்கொண்டு. அந்த உறை எங்கள் கழிப்பறை அலமாரியிலும் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. குமட்டியதற்காக நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன், எனக்கும்தான் முதல் வருஷம் குமட்டியது. அதை இப்படி எழுத எப்படிங்க மனசு வந்தது என்றேன்.

"பொய்யா ஒரு வரி காட்டுங்க பார்ப்போம்," என்றார் நிதானமாக. "பார்த்தத மட்டும் எழுதணும்னு சொன்னதே நீங்கதானே?"

த்தூ என்று அந்த வாசலிலேயே துப்பியிருப்பேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் விழுங்கினேன்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு எல்லோரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வண்டியின் அம்மா துவைத்த திரைச்சீலைகளை இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து ஓரமாக வைத்தாள். அவளுக்கு முகம் வெளிறியிருந்தது. ஆனாலும் செயலாளர் அம்மாவைப் பார்த்து, நம்பிக்கையோடு ஒரு சிரிப்புச் சிரித்தாள். என் பிள்ளையைப் பற்றி அவ்வளவு நல்லபடியாக எழுதியவர் என்னைக் கைவிட மாட்டார் என்கிற சிரிப்பு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செயலாளர் அம்மா தேன் ஒழுகப் பேசினார். தயார்நிலை, குழந்தையின் கண்ணியம், ஒவ்வொரு மலரும் அதனதன் நேரத்தில். பல பேர் தலையாட்டினார்கள். பல் டாக்டர், கை தூக்கலாமா என்றார். நான் பலகையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எழுந்த பிறகுதான் வண்டியின் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இதைச் சொன்னால் அவள் வீட்டு அலமாரியில் ஒட்டியிருப்பதையும் நான் கிழித்த மாதிரிதான். சொல்லாவிட்டால் பிள்ளை வெளியே. சொன்னேன். முழுதாகப் படித்தேன். பிறகு, இதை நான் பாராட்டி ஒட்டினேன், முதல் வெட்கக்கேடு என்னுடையது என்றேன். இது விளையாட்டு இல்லை. ஒரு பிள்ளை மலத்தோடு ஒன்றரை மணி நேரம் நின்றான், அவனுக்குப் பழத்தட்டைத் தரையில் தள்ளி விட்டீர்கள், அது காய்கிறவரை பார்த்து மணி போட்டு எழுதினீர்கள் என்றேன். இன்னும் நாலு வார்த்தை சொன்னேன், அவை இங்கே வேண்டாம்.

பல் டாக்டர் நகத்தைப் பார்த்துக்கொண்டு, உணர்ச்சிவசப்படாமல் பேசலாமே என்றார்.

வண்டியின் அம்மா என்னைப் பார்க்கவில்லை. செயலாளர் அம்மாவைத்தான் பார்த்தாள்.

"நான் வந்தப்ப, இப்பதான் போனான்னு சொன்னீங்களே, மேடம்."

செயலாளர் அம்மா பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போய்ப் பார்த்தா, காஞ்சு தோலோட ஒட்டியிருந்துச்சு. ஊற வச்சுத்தான் எடுத்தேன். இவ்ளோ நேரமா உங்ககிட்டல்லாம் சொல்லாம ஒளிச்சு வச்சிருக்கான்னு நெனச்சு அவன அடிச்சேன். தொடையில, கை பதியற மாதிரி. அவன் நின்னேன் நின்னேன்னு சொன்னான். திருட்டுப்பயலேன்னு இன்னும் ரெண்டு வச்சேன்."

நான் கையில் வைத்திருந்த தாளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. தீர்மானம் அங்கேயே கைவிடப்பட்டது. யாரும் கை தூக்கவில்லை, யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. ஆளுக்கு ஆள் அவள் தோளைத் தட்டி, அவன் எங்க பிள்ளை மாதிரிதானே, தாராளமா அனுப்புங்க என்றார்கள். ஒருத்தர் பிஸ்கட் தட்டை நீட்டினார். செயலாளர் அம்மா கூட்டக் குறிப்பில் எழுதியதைப் பின்னால் பார்த்தேன்: 'ஆரோக்கியமான, திறந்த மனத்துடனான கலந்துரையாடல் நடைபெற்றது.' சீ என்றிருந்தது.

வெளியே கேட் பக்கத்தில் வண்டியின் அம்மா எனக்காக நின்றிருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்கிற மாதிரி நான் ஏதோ சொல்லப் போனேன். அவள் நடுவில் நிறுத்தினாள்.

"வேற இடம் இருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேன், டீச்சர். இல்ல. திங்கக்கிழமை கொண்டாந்து விடறேன். அவன நீங்க மட்டும் தொடுங்க. இவங்க யாரும் தொட வேணாம்."

சரிம்மா என்றேன்.

திங்கட்கிழமை காலை பாட்டு நேரத்தில் வண்டியைக் காணோம். மரவண்டி கட்டைகளோடு அறை நடுவில் நின்றது. ஜன்னலோரச் சுவரில் முதுகு படாமல், கால்களை அகட்டி, அவனாகவே போய் நின்றிருந்தான். யாரும் சொல்லவில்லை. நான் கிட்டே போகப் போக அவன் சுவரை ஒட்டி நகர்ந்தான்.

"வராதீங்க டீச்சர், நாறும். அம்மா வருவாங்க."

பேசாமல் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஈரமும் சூடுமாக என் உடுப்பில் இறங்கியது. குளியலறை போய்ச் சேரும்வரை அவன் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. என்மேல் பட்டுவிடாதபடி இரண்டு கைகளையும் உயரத் தூக்கியே வைத்திருந்தான்.