தொண்ணூறு நொடி

தேசிய விருது எனக்கு என்று டிவியில் சொன்னபோது நான் குளியலறையில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி தட்டிய தட்டில் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது.

"ஏங்க, சிறந்த பின்னணி இசை நீங்கதாங்க!"

கண்ணில் சோப்பு. அழுதேனா, எரிந்ததா, எனக்கே தெரியவில்லை. முப்பது வருடம், நாற்பத்தோரு படம். 'யாருய்யா மியூசிக்?' என்று ஒரு ஆள் கேட்டதில்லை. இனிமேல் கேட்டுத்தானே ஆக வேண்டும்!

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. 'தகப்பன் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே நடந்து வரும் காட்சியில் ஒற்றை வயலின் ஒலிக்கும் தொண்ணூறு நொடிகளுக்காகவே இவ்விருது' என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு படிவம். 'இசை முழுவதும் என் சொந்தப் படைப்பே' என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒற்றை வயலினா? அந்தக் காட்சிக்கு நான் எழுதியது பன்னிரண்டு வயலின், நாலு செல்லோ, ஒரு புல்லாங்குழல். படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. சிரிக்காதீர்கள். டைரக்டரோடு சண்டை. மிக்ஸிங்குக்கும் போகவில்லை, தியேட்டர் பக்கமும் போகவில்லை. என் கோபம் அப்படி.

நேராக ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கே ஒலிப்பதிவு செய்கிறவருக்குக் 'காது' என்று பட்டப்பெயர். அந்தக் காட்சியைப் போடச் சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல் ஒரு வயலின் தொடங்கியது. சரிந்தது, பாதி ஏறியது, முடிக்காமல் நின்றுவிட்டது. 

அது மச்சான். என் மனைவியின் அண்ணன், என் குழுவில் முதல் வயலின். எட்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து இடது கை போகும்வரை எனக்காக வாசித்தவர். ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் 'கையைச் சூடு பண்ணிக்கிறேன்' என்று எதையாவது வாசிப்பார். கை தானாக ஓடும், மனசு வெளியே நிறுத்திய ஸ்கூட்டர்மேல் இருக்கும். நாங்களும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"நீங்க புல்லாங்குழல்காரரை வறுத்தெடுத்துக்கிட்டிருந்தீங்க சார். மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு," என்றார் காது. "அவர் கையைச் சூடு பண்ணிக்கிட்டதும் உங்க டியூனும் ஒரே டேக் நம்பர்ல விழுந்துருச்சு. மிக்ஸிங்ல நான் மாத்தி எடுத்துட்டேன். நீங்க வந்திருந்தா அப்பவே புடிச்சிருப்பீங்க."

"என்னோடதப் போடு."

போட்டார். பதினேழு பேரும் ஒழுங்காக வாசித்திருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. முடிவதற்குள்ளேயே மறந்து போயிற்று. எழுதின எனக்கே.

மச்சானிடம் உண்மையைச் சொல்லி, படிவத்தில் அவர் பேரைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். சத்தியமாகத்தான். மனைவியிடம் விஷயத்தைச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் முழுக்க, 'மச்சான், இது உங்களோடது' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மச்சான் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இடது கை தலையணைமேல் கிடந்தது. வயலின் பெட்டி பீரோவுக்கு மேலே, அதன்மேல் மருந்துச் சீட்டுகள். போனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"யாரு மாப்பிள்ளை வாசிச்சது?"

"நீங்கதான் மச்சான்."

"நானா! ஞாபகமே இல்லையே." கன்னத்தில் தண்ணீர் ஓடியது. "நாம வாசிக்கிறதுல என்ன இருக்கு, டியூன் உங்களோடது. ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. முப்பது வருஷமா உங்க பக்கத்துல உக்காந்து வாசிச்சேன். இவருக்கு நல்லதா ஒரு டியூன் வரலையே, பாவம், வராமலே போயிருமோன்னு உள்ளுக்குள்ள இருந்துச்சு. தங்கச்சிகிட்டகூட சொன்னதில்ல. கடைசியில போட்டுட்டீங்களே! என் கை போறதுக்குள்ள இப்படி ஒண்ணை வாசிச்சுட்டேன். அது போதும்."

வாயைத் திறந்தேன். 'மச்சான், எனக்கு வரவே இல்லை' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நாலே வார்த்தை.

"ஆமா மச்சான்," என்றேன். "ஒரு வழியா வந்துருச்சு."

அவர் மனசு கஷ்டப்படக் கூடாதென்று சொன்னதாக நானே எனக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். பச்சைப் பொய். 'வரலையே, பாவம்' என்ற அந்தப் பேச்சு உண்மையாகிவிடக் கூடாதென்று சொன்னேன். அங்கேயே, அவர் மேஜைமேல் வைத்தே கையெழுத்துப் போட்டேன். மச்சான் நல்ல கையால் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"உங்க டியூனை இன்னொரு தடவை போடுங்க மாப்பிள்ளை."

போட்டேன். மனைவி கதவருகே நின்று கடைசிவரை கேட்டாள்.

படிவத்தைத் தபாலில் போட்டுவிட்டு பஸ் ஏறினோம். 

"சின்ன வயசுல," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி, "தினமும் காலையில அண்ணன் கையைச் சூடு பண்ணிக்கிற சத்தத்துலதான் நான் கண்ணு முழிப்பேன். அந்த மாதிரி சரிஞ்சு, பாதி ஏறி, முடிக்காம விட்டுரும். என்ன வாசிக்கிறோம்னு அண்ணனுக்கே தெரியாது."

நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

எங்கள் நிறுத்தம் வந்தது. எப்போதும் என் கைப்பையை அவள் வாங்கிக்கொள்வாள். நீட்டினேன். அவள் இறங்கி நடந்துவிட்டாள்.