நடுங்காத கை

கியுமர்ஸின் கையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று வருடமாக என் தங்கை மஹ்லகா எனக்கு இட்ட கட்டளை அது. அவள் புருஷன் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவன். பயிற்சியின் நடுவே சர்க்கரை இறங்கினால் முதலில் கை நடுங்கும். உடனே அவன் வாயில் பேரீச்சம்பழத்தைத் திணிக்க வேண்டும். அதற்கென்று என் சட்டைப்பையில் ஒரு பொட்டலம் இருக்கும்.

ஈரானின் காஷான் ஊரில், சூர்கானா என்கிற எங்கள் பயில்வான் கூடத்தில் முரசடித்துப் பயிற்சியை நடத்தும் முர்ஷித் நான். மேடையில் நான், கீழே குழியில் பயில்வான்கள். என் முரசு வேகமெடுத்தால் அவர்களும் வேகமெடுக்க வேண்டும். நான் மணியடிக்காமல் யாரும் நிற்க மாட்டார்கள்.

கியுமர்ஸ் ரொட்டிக்கடை வைத்திருக்கிறவன். போன வெள்ளிக்கிழமை கர்லாக்கட்டையை மேலே வீசிப் பிடிக்கும்போது அவனுக்குக் கை நடுங்கி, கட்டை கீழே விழுந்தது. பேரீச்சம்பழம் கொடுத்துச் சரிசெய்தேன். ஆனால் பக்கத்துத் தெருக் கூடத்திலிருந்து வந்திருந்த எஸ்ஃபந்தியார் என்ற வாயாடி, "ரொட்டிக்கடைக்காரருக்கு மாவு பிசையத்தான் கை வரும்போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கியுமர்ஸ் ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த வெள்ளி காலையில் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். எனக்கு நெஞ்சு படபடக்கும் வியாதி உண்டு. அதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் படபடப்பும் அடங்கும், விரல் நடுக்கமும் அடங்கும். அட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்து நீட்டினேன்.

"போட்டுக்க மாப்ள. இன்னிக்கு அந்த எஸ்ஃபந்தியார் வாய அடைக்கணும்."

"மஹ்லகாவுக்குத் தெரிஞ்சா?"

"அவகிட்ட யாரு சொல்லப்போறா?"

தேநீரோடு விழுங்கிவிட்டுக் குழியில் இறங்கினான். கட்டைகள் பறந்தன, ஒன்றுகூடத் தவறவில்லை. எஸ்ஃபந்தியார் வாயைத் திறக்கவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம், பாழாய்ப்போன எனக்கு அது போதவில்லை. சுழற்சிக்கு அவனைத்தான் அழைத்தேன்.

கைகளை விரித்துச் சுழன்றான். நான் முரசை ஏற்றிக்கொண்டே போனேன். அவன் உடம்பெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. குழியில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? மணியடித்தேன். அவன் நிற்கவில்லை. மறுபடி அடித்தேன். இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்று என்னைப் பார்த்தான். நான் யாரென்றே தெரியாத பார்வை அது. அப்படியே கீழே உட்கார்ந்து சாய்ந்துவிட்டான்.

சுழன்றதில் வந்த மயக்கம் என்றார்கள். சர்க்கரையாக இருக்குமோ என்று ஒருவர் கேட்டதற்கு அவர்மேல் பாய்ந்தேன். "சர்க்கரைன்னா கை நடுங்கியிருக்கும்யா. நான்தான் பாத்துக்கிட்டே இருந்தேனே!"

பன்னீர் தெளித்து, போர்வை போர்த்தி, தூங்கட்டும் என்று விட்டோம். நான் அடுத்த ஆட்களுக்கு முரசடித்தேன். அரைமணி கழித்துப் பார்த்தால் அவனுக்குக் கைகால் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. பேரீச்சம்பழத்தை விழுங்கும் நிலையில் அவன் இல்லை.

ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். உழைக்கும்போது நம் உடம்பு இன்சுலினைத் தானே குறைத்துக்கொள்ளுமாம். ஊசியில் போனது குறையாதாம். சர்க்கரை தீரத்தீர மூளை பயந்துபோய் அட்ரினலினை அவிழ்த்துவிடுமாம். நெஞ்சு அடித்துக்கொள்வதும் கை நடுங்குவதும் அதனால்தானாம்.

"அந்த நடுக்கம்தாங்க எச்சரிக்கை. சில மாத்திரை அதையே அமுக்கிடும், வேர்வை மட்டும்தான் மிஞ்சும். வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?"

"தெரியாது" என்றேன். என் சட்டைப்பையில் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு அட்டையும் கிடந்தது.

மூளைக்கு நெடுநேரம் சர்க்கரை போகவில்லை, கண் விழிப்பாரா என்று சொல்ல முடியாது என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

மஹ்லகா ஓடிவந்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கை நடுங்குச்சாண்ணா?"

"இல்லம்மா. நடுங்கவே இல்ல."

"அப்ப நீ என்ன பண்ணுவ, பாவம்" என்று என் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கை வெடவெடவென்று ஆடியது. என் கை ஆடவில்லை. காலையில் அதே அட்டையிலிருந்து நானும் ஒன்று போட்டிருந்தேன்.