மூன்றில் இரண்டு சாவி

மண்டபத்திலிருந்து முந்தின நாள் தென்கடலுக்குப் போன விசைப்படகுகள் எல்லாம் விடிந்ததும் கரை சேர்ந்துவிட்டன. மாரீஸ்வரனின் படகு மட்டும் வரவில்லை. அதில் அவனோடு சேர்த்து நான்கு பேர். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை.

அந்த நேரத்தில் பானுப்பிரியா படகுச் சங்கத்தின் மாடி அறையில், கருகல் நாற்றத்துக்கு நடுவே, சர்வரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரவு மழையில் விழுந்த இடி ஆன்டெனா வழியாக இறங்கி மதர்போர்டைப் பொசுக்கியிருந்தது. ஒவ்வொரு படகிலும் இருக்கும் கருவி, தான் இருக்கும் இடத்தை விடாமல் அந்த சர்வருக்குத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். சிக்கல் என்ற உள்நாட்டு ஊரில் மிளகாய் பயிரிடுகிற வீட்டில் பிறந்த அவளுக்குக் கடல் தெரியாது. அந்தப் பெட்டியை மட்டும் நன்றாகத் தெரியும். அது வந்த நாளிலிருந்து அவள் பொறுப்பில்தான் இருந்தது.

சதக்கத்துல்லா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். சங்கத் தலைவர். "கோஸ்ட் கார்டுக்குச் சொல்லியாச்சும்மா. கடைசியா எங்கன இருந்தான்னு கேக்குறாங்க. நம்ம போட்டுகளும் தயாரா நிக்குது. எந்தப் பக்கம் போறது?"

"டிஸ்க் நல்லாருக்கு பாய். சாவிதான் போச்சு."

எந்தப் படகு எங்கே வலை போட்டது என்பது அடுத்தவனுக்குத் தெரியக் கூடாது என்று சங்கத்தில் எல்லாரும் ஒற்றைக் காலில் நின்றதால், டேட்டாபேஸ் முழுவதையும் என்கிரிப்ட் செய்து வைத்திருந்தார்கள். திறக்கும் சாவி, பொசுங்கிப்போன போர்டின் சிப்புக்குள் இருந்தது. மாற்றுச் சாவி ஒன்று உண்டு. அதை மூன்று பங்காக்கி மூன்று பேரிடம் ஆளுக்கொரு பென்டிரைவில் கொடுத்திருந்தார்கள். அதில் எந்த இரண்டு பங்கு சேர்ந்தாலும் திறக்கும். ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றுக்கும் ஆகாது.

முதல் பங்கு சதக்கத்துல்லாவிடம். இரண்டாவது கடலில் இருக்கும் மாரீஸ்வரனுடையது. மூன்றாவது வீரமணியிடம். வீரமணி சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டு விலகிப் போனவன், பங்கை இன்னும் திருப்பித் தரவில்லை. தடை செய்த இரட்டைமடி வலையை அவன் இழுக்கிறான் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னது மாரீஸ்வரன்தான்.

மாரீஸ்வரனின் மனைவி முனீஸ்வரி, அவன் வீட்டில் வைத்துப்போன பென்டிரைவைக் கொண்டு வந்திருந்தாள். அதைத் திறக்கும் பின் நம்பர் அவன் மட்டும் அறிந்தது. பிள்ளையின் பிறந்த நாள், கல்யாண நாள், படகு நம்பர் என்று போட்டுப் பார்த்தாள். எதுவும் சேரவில்லை.

"இன்னொண்ணு போடட்டுமா தங்கச்சி?"

"வேணாம்க்கா. தப்பாப் போட்டுக்கிட்டே போனா அதுவே எல்லாத்தையும் அழிச்சிரும்." பானுப்பிரியா அவள் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி வைத்தாள். "நான் வீரமணி அண்ணனப் பாத்துட்டு வாரேன்."

"அவரு தருவாரா?" என்றாள் முனீஸ்வரி. பானுப்பிரியா வண்டியை எடுக்கப் படியிறங்கினாள்.

வீரமணி ஐஸ் கம்பெனி வாசலில் தனியாக நின்றிருந்தான். இரவெல்லாம் தூங்காத கண். விஷயம் அவனுக்கும் தெரிந்திருந்தது.

"அதத் தெறந்தா எல்லாப் போட்டும் தெரியுமா?"

"தெரியும்ண்ணே."

"பழசும்?"

"பழசும்தான். நீங்க போன எடமும் இருக்கும்."

"என்னோடத அழிச்சிட்டுத் தெற. சாவி தாரேன்."

"தெறக்காம அழிக்க முடியாதுண்ணே. தெறந்தப்புறம் அழிக்கச் சொன்னா நான் அழிக்க மாட்டேன். அழிச்சிர்றேன்னு பொய் சொல்லி உங்களக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அது வரல."

வீரமணி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாடைக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அவன் முடியாது என்றுதான் சொல்லப் போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கியும்விட்டாள்.

"தெறக்கும்போது ஆளுக கூடி நிக்கக் கூடாது" என்றான் அவன். "வண்டிய எடு. வீட்டுக்குப் போயி அத எடுத்துட்டுப் போவோம்."

மாடி அறையில் இரண்டு பென்டிரைவும் அவள் லேப்டாப்பில் ஏறின. சதக்கத்துல்லா தன் பின் நம்பரை அடித்துவிட்டு வெளியே போனார். வீரமணி ஒரு முறை தவறாக அடித்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தான். சாவி சேர்ந்தது. டேட்டாபேஸ் திறக்கவில்லை. இடி விழுந்தபோது எழுதிக்கொண்டிருந்ததெல்லாம் பாதியில் அறுந்திருந்தது.

சதக்கத்துல்லா கதவைத் தட்டினார். "என்னம்மா ஆச்சு?"

"ரிப்பேர் பண்ணணும் பாய். அதுக்கு முன்னாடி டிஸ்க்க ஒரு காப்பி எடுக்கணும்."

"எம்புட்டு நேரம்?"

"மத்தியானம் ஆயிரும்."

"அதுவரைக்கும் அவங்க தண்ணியிலயே கெடக்கவா? நேராவே செய்யி."

"நேராச் செஞ்சு கெட்டுப்போச்சுன்னா, அப்புறம் ஒண்ணுமே கெடைக்காது."

வெளியே முனீஸ்வரியின் அழுகை கேட்டது. பானுப்பிரியாவின் விரல்கள் விசைப்பலகை மேல் நின்றன. முழு டிஸ்க்கும் எதற்கு? வேண்டியது நேற்று வந்த தகவல்களின் பதிவு மட்டும்தான். சர்வருக்கு வந்ததெல்லாம் முதலில் அதில்தான் விழும், பிறகுதான் டேட்டாபேஸுக்குள் போகும். அந்தப் பதிவையும் முந்தைய நாள் பேக்கப்பையும் மட்டும் தனியே பிரதி எடுத்து, பிரதியின் மேல் வேலையைத் தொடங்கினாள். மூல டிஸ்க்கைத் தொடவில்லை. திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது, பாதி தாண்டியதும் நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் அங்கனதான் இருந்தேன்" என்றான் வீரமணி.

அவள் திரும்பினாள்.

"நேத்து ராத்திரி. கருவிய அணைச்சுப் போட்டுட்டுத்தான் போனேன். உன் பெட்டியில நேத்து நான் இருக்க மாட்டேன். அவன் என்னையப் பாத்துட்டு வெரட்டிட்டு வந்தான். என் மடிவலைக் கயிறு அவன் புரொப்பல்லர்ல சுத்திருச்சு. நான் கயித்த அறுத்து விட்டுட்டு வந்துட்டேன். வயர்லெஸ்ல ஆளக் கூப்பிட்டுக்குவான்னு நெனச்சேன். அப்புறந்தான் மழை புடிச்சுச்சு."

"ஏண்ணே, காலையிலயே சொல்லியிருக்கலாமே?"

"எடம் எனக்கே தெரியல, இருட்டு." அவன் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல."

கோடு மறுபடி நகர்ந்தது. பானுப்பிரியா மாரீஸ்வரனின் படகு எண்ணை மட்டும் அடித்தாள். வரிசையாக இடங்கள் வந்தன. கடைசி வரிகளில் இடம் மாறும் தூரம் குறைந்துகொண்டே வந்து, படகு ஊர்வதுபோல இருந்தது. அவன் சொல்லியிராவிட்டால் அதை நங்கூரம் போட்ட படகு என்றே எடுத்திருப்பாள். தேடுகிறவர்கள் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

அவள் கதவைத் திறந்தாள். "பாய், எடம் கெடைச்சிருச்சு. ஆனா இப்ப அங்கன இருக்க மாட்டாங்க. இன்ஜின் ஓடல, காத்துல போயிக்கிட்டிருக்காங்க."

"இன்ஜின் ஓடலன்னு ஒனக்கு எப்புடித் தெரியும்?"

அவள் வாய் திறப்பதற்குள் வீரமணி முன்னால் வந்தான். "என்னாலதான் பாய்" என்றான். முனீஸ்வரி எழுந்து வந்து அவன் எதிரில் நின்றாள். அடிப்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். "போயிக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வாடைக்கும் நீரோட்டத்துக்கும் கணக்குப் போட்டு, ஏர்வாடிக்குத் தெற்கே தேடுவது என்று முடிவாயிற்று. கோஸ்ட் கார்டுக்கும் அதையே சொன்னார்கள். முதல் படகில் வீரமணி ஏறினான். ஏறாதே என்று யாரும் சொல்லவில்லை.

பிற்பகலில் வயர்லெஸ் கரகரத்தது. படகு கிடைத்துவிட்டது. உள்ளே இடுப்பளவு தண்ணீர், பேட்டரி மூழ்கி வயர்லெஸ் செத்துப்போயிருந்தது. நான்கு பேரும் மாறி மாறி வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்களாம். ஒருவனுக்குக் கை ஒடிந்திருந்தது. நான்கு பேருக்கும் உயிர் இருந்தது. சதக்கத்துல்லா "அல்ஹம்துலில்லாஹ்" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

வெயில் தாழும் நேரத்தில் படகை இழுத்து வந்தார்கள். மாரீஸ்வரன் உப்புப் பூத்த முகத்தோடு இறங்கி, முனீஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீரமணி அடுத்த படகிலிருந்து குதித்து அவன் முன்னால் வந்தான்.

"நான் சொல்லிட்டேன் மாரி. எல்லார்ட்டயும்."

மாரீஸ்வரன் முகத்திலிருந்த உப்பைத் துடைத்துக்கொண்டான். "கூட்டத்துல பேசிக்கிருவோம்" என்றான். பிறகு, "ஏலே, இவனுக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லுங்கடா" என்று கை ஒடிந்தவனை நோக்கி நடந்தான். வீரமணியும் பின்னால் போய் மறுபக்கம் தாங்கிப் பிடித்தான். மாரீஸ்வரன் தடுக்கவில்லை.

பானுப்பிரியா மாடிப்படியில் உட்கார்ந்து அவர்கள் போவதைப் பார்த்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.