நன்றி ஆராதனைக்கு ஒரு வரி

அந்த இடைவெளியில்தான் போயிருக்கும். என் கை ஓய்ந்து, நான் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இடைவெளியில்.

அராபா இதை யாரிடமும் சொன்னதில்லை. ஃபூஃபூ களிக்கு வேகவைத்த கிழங்கை இடித்துக்கொண்டிருந்த கணவன் ஜோஜோ உலக்கையோடு முற்றத்தில் சரிந்தபோது, அவள் வேலை பார்க்கும் பள்ளியில் ஆசிரியைகளுக்குப் பொம்மையை வைத்து முதலுதவி சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்து, அவன் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். நடுவில் தோள் விட்டுப்போயிற்று. கொஞ்ச நேரம்தான், மறுபடி அழுத்தினாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் மின்னதிர்ச்சி கொடுத்ததும் இதயம் துடிக்கத் தொடங்கியது.

"நீங்க அழுத்தலைன்னா இவர் இல்லை" என்றார் டாக்டர். சிறிது நேரம் ரத்தம் போகாத மூளை மெதுவாகத்தான் தேறும், நன்றாகத் தூங்க வேண்டும், எல்லாமே திரும்பும் என்று சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். அவள் மனம் முதலில் சொன்னதை விட்டுவிட்டுக் கடைசியில் சொன்னதையே பிடித்துக்கொண்டது.

வீடு திரும்பியவன் பழைய பாட்டுகளைப் பிசகாமல் பாடினான். நாற்காலியை விட்டு எழுந்தால், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றான்.

"அண்ணி, இன்னிக்கே தைக்கக் குடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை நன்றி ஆராதனைக்கு நாம எல்லாரும் இதே துணிதான்." ஜோஜோவின் தங்கை எகுவா வெள்ளைத் துணியை மேசையில் விரித்தாள். "பாதிரியார் உங்களைப் பேசக் கூப்பிடுவார். ஒரே வரி போதும். 'ஆண்டவர் இவரை ஒரு குறையுமில்லாம முழுசாத் திருப்பித் தந்துட்டார்.' பாட்டுக்குழுவுக்கு அண்ணனுக்குப் பதிலா வேற தலைவர் பார்க்கலாம்னு சில பேர் முணுமுணுக்கிறாங்க. நீங்க சொன்னா அந்த வாயெல்லாம் அடங்கிடும்."

கெங்கே என்ற சோளமாவு உருண்டையின் வாழையிலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஜோஜோ நிமிர்ந்தான். "அராபா, மீன் வாங்கினியா?"

"உங்க தட்டுலதான் இருக்கு."

"அட, இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று மீனைப் பார்த்துக் கேட்டான்.

எகுவா சிரித்தாள். "அதே குசும்பு. அண்ணனுக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

மீனைப் பற்றி அவன் கேட்டது இது மூன்றாவது தடவை. எகுவா வருவதற்கு முன்பே இரண்டு தடவை கேட்டாயிற்று.

போன வாரம் அவன், "நான் முன்னாடியும் இப்படித்தான் இருந்தேனா?" என்று கேட்டிருந்தான். மனசு கேட்காமல், "இப்படித்தான்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பகல் தூக்கத்தை விட்டான். எதையாவது மறந்தால் தொடையில் அடித்துக்கொண்டு, "சோம்பேறி" என்று தன்னையே திட்டினான். ஒன்றும் போகவில்லை என்று சொன்னதால் ஒவ்வொரு மறதியும் அவன் குற்றமாகிவிட்டது. அதையே ஊர் கூடிய சபையில் சொல்ல வேண்டுமாம்.

சொல்லிவிடலாம் என்றும் இருந்தது. அவன் முழுசாக வந்திருந்தால் அவள் ஓய்ந்த அந்த இடைவெளியிலும் எதுவும் போகவில்லை என்றாகும். அந்த ஆசைதான் அவளைப் பயமுறுத்தியது. அந்த வரி அவனைவிட அவளுக்கே அதிகம் தேவைப்பட்டது.

ஜோஜோ எழுந்தான். இரண்டடி வைத்து நின்று சுவரைப் பார்த்தான். எகுவா சட்டென்று துணியைக் குனிந்து பார்த்தாள்.

"கை கழுவ எழுந்தீங்க" என்றாள் அராபா, எகுவாவுக்கும் கேட்கும்படியாக.

"ஆமா, கை கழுவத்தான்." அவன் போனான்.

அராபா துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "தைக்கக் குடுக்கறேன். அவர் உயிரோட இருக்கார், அதுக்கு நன்றி சொல்றேன்."

"முழுசான்னு ஒரு வார்த்தை சேர்த்தா என்ன அண்ணி?"

"அது மாட்டேன், எகுவா."