தெளிவான பதிவு

"திரும்ப ஒரு தடவை சொல்லுங்க சார்" என்று அவள் கேட்டது அந்த அழைப்பில் நான்காவது முறை. ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். பெரியவரின் குரல் துண்டு துண்டாகத்தான் வந்தது. வீட்டுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் கேட்டு அழைப்பவர்களிடம் முகவரி வாங்குவது அவள் வேலை. ஐந்தாம் முறை கேட்கக் கூச்சமாக இருந்தது. காதில் விழுந்ததை ஒட்டுப்போட்டு ஒரு முகவரியைத் தட்டினாள்.

இரண்டு வாரமாக இதே பாடு. அவள் வரிசையில் உட்கார்ந்து அழைப்பு எடுப்பவர்கள் இதற்கு விக்கல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் ஊகித்து எழுதிச் சமாளித்தார்கள். அவள் மட்டும் கேட்டுக் கேட்டு எழுதியதால் 'டீச்சர்' ஆனாள். முதலில் அவளும் சேர்ந்து சிரித்தாள். திரும்பக் கேட்பது அதிகம் என்று இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தபின் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

தண்ணீர் பிடிக்குமிடத்தில் ஆபீஸ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரைப் பிடித்தாள். "என்ன சார், விக்கல் நிக்கவே மாட்டேங்குது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "மாடில வீடியோ ஆளுங்களுக்கு ஃபைல் மெதுவா வருதுன்னு ஹெட் ஆபீஸ் சர்வர்ல ஒரு செட்டிங் மாத்தினோம்மா. முன்னெல்லாம் லைன்ல நெரிசல்னா ஃபைல் வேகத்தக் குறைச்சு வழி விடும். இப்ப விடாது. அதே லைன்ல வர்ற உங்க போன் கால்தான் நசுங்குது."

"பழையபடி மாத்திடுங்களேன்."

"சொல்லிப் பாத்தேன். மொத்த வேகம் கூடியிருக்குன்னு மேல ஒரே பாராட்டு."

"மேனேஜர்கிட்ட இத ஒரு வார்த்தை சொல்வீங்களா?"

"பாக்கறேன்" என்றார். அவர் பார்க்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர்மேல் கோபம்கூட வரவில்லை.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். அந்தப் பெரியவருக்கு அனுப்பிய சிலிண்டர் வேறு தெருவுக்குப் போய், இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வீடு சேர்ந்திருந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டபிறகே அவளுக்கு மூச்சு வந்தது.

"லைன் விட்டு விட்டுக் கேட்டுச்சு சார்."

"நீங்களே கேளுங்க" என்று பதிவை ஓடவிட்டு, மூன்றாவது கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். பதிவு ஆவது ஹெட் ஆபீஸில், குரல் அந்த நெரிசலுக்குள் நுழையும் முன்பே.

"பன்னெண்டு, மேட்டுத் தெரு, மூணாவது மாடிம்மா. வீட்டுக்காரிக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் சீக்கிரம்." ஒரு சொல் பிசிறவில்லை. அவள் திரும்பக் கேட்டாள். பெரியவர் அலுக்காமல் மறுபடி சொன்னார். மறுபடியும் சொன்னார்.

மேலாளர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கி, கையெழுத்துப் போடவேண்டிய கோட்டின்மேல் எழுதினாள்: பன்னிரண்டு, மேட்டுத் தெரு, மூன்றாவது மாடி.