அணையை வெட்டிய பிறகு

பல்கலைக்கழகத்திலிருந்து உப்புநீரில் வளரும் கண்டல் மரம் நட வருகிறோம் என்று விரிவுரையாளர் ஹஸீனா வந்து நின்றபோது, மீனவர் சங்கத் தலைவர் ஜசிந்தனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாவிக்கரையில் பாழாய்க் கிடந்த அந்த இறால் பண்ணைக்குள் ஏற்கனவே எத்தனையோ பேர் கன்று நட்டுப் படமெடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“நடுங்க மிஸ். மறுகா ஆரு வந்து பாக்கிற?”

“நாங்கதான் அண்ணன். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா.”

அவன் நம்பவில்லை. ஆனால் மாணவர்களோடு முழங்கால் சேற்றில் இறங்கி நானூறு கன்று நட்டவள், பதினைந்தாம் நாளே ஏறாவூரிலிருந்து வந்துவிட்டாள். மாரி மழையிலும் வந்தாள். தை மாதம் எண்ணியபோது முப்பத்தொரு கன்றுகளே மிஞ்சியிருந்தன.

மாடு தின்றது, ஊரார் பார்க்கவில்லை என்று ஏதாவது சொல்வாள் என ஜசிந்தன் எதிர்பார்த்தான். அவளோ சங்கக் கூட்டத்தில் எழுந்து, “நாங்க பிழையா நட்டிட்டம்” என்றாள். படித்தவர் ஒருவர் இத்தனை பேருக்கு முன்னால் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை.

காரணத்தையும் மாணவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். பண்ணைக்கு உள்ளேயும் வெளியேயும் அளவுக்கம்பு நட்டு நீர்மட்டம் குறித்து வந்தார்கள். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டியதும் வெளியே தண்ணீர் வடிந்தது. உள்ளே எட்டுக் கிழமை அப்படியே நின்றது; கன்றுகள் மூழ்கி அழுகின.

“பழைய மண்ணணைதான் தண்ணிய மறிக்குது. அத வெட்டிவிட்டா வாவியே விதையக் கொண்டு வரும். நடவே தேவையில்ல” என்றாள் ஹஸீனா.

“எங்க வெட்டுற?” என்று கேட்டான் ஜசிந்தன்.

“நீரோட்டம் உங்களுக்குத்தானே தெரியும். நீங்க காட்டுங்க, நாங்க மட்டம் பாக்கிறம்.”

அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாய் அவள்தான் அலைந்தாள். பங்குனி வெயிலில் மீனவர்களும் மாணவர்களும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். அது ரமழான் நோன்பு மாதம். தண்ணீர்கூடக் குடிக்காமல் சேற்றில் நின்றவளைப் பார்த்து, “கரையில இரிங்க மிஸ்” என்று ஜசிந்தன் கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. ஆறு நாளில் அணை மூன்று இடத்தில் திறந்தது.

அடுத்த தை மாதம், தோணியில் அந்தப் பக்கம் போனவன் துடுப்பை நிறுத்தினான். பண்ணைச் சேறெங்கும் விரல் நீளத்தில் பச்சைக் குருத்துகள். அங்கிருந்தே தொலைபேசியில் அழைத்தான்.

“மிஸ், ஒருத்தரும் நடல்ல. தானா முளைச்சிருக்கு! இருநூறு மட்டும் எண்ணினன், மறுகா ஏலாமப் போயிற்று.”

“நாளைக்குப் பிள்ளைகளோட வாறன் அண்ணன்” என்றாள்.

வீட்டில் மகள் றொசானி உயர்தரப் பாடப்புத்தகத்தோடு இருந்தாள். ஈரச் சாரத்தோடேயே அவளருகில் உட்கார்ந்தான்.

“கம்பஸ் கிடைச்சா அந்த மிஸ்ஸிட்டப் படி மகள்” என்றான்.