குங்குமம் வைத்த கல்

மாமல்லபுரத்திலிருந்து கடல் தண்ணீர்ப் பீப்பாய்களோடு லாரியில் வந்து இறங்கியபோது பட்டுக்கடையில் ஆயுத பூஜை முடிந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் கண்ணாடித் தொட்டியைப் பார்த்தேன். மீன்கள் இருந்தன. நடுவில் இருந்த கல்லைக் காணோம்.

எதிர்க் கடையில் தங்கமீன் வைத்து ஆட்களை இழுத்தார்கள் என்பதற்காகக் கடல்மீனே கொண்டுவந்து வைத்தவர் எங்கள் முதலாளி வேணுகோபால். ராமேசுவரத்துக்கு வந்த இடத்தில் பாம்பன் கரையில் என்னைப் பார்த்து, மீன்களைக் கவனிக்கக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துவந்தார். புயல் எங்கள் வலைகளை வாரிக்கொண்டுபோன பிறகு கிடைத்த வேலை. ஊரிலிருந்து நான் எடுத்துவந்த கல்லில் என்னவோ ஒன்று மெத்தென்று முளைத்து, மடங்கிய காதைப்போல வளர்ந்திருந்தது. அதன் மேல் மெல்லிய பூனைமயிர்போல ஏதோ தெரியும். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். எனக்கும் தெரியாது. "கடல்ல விளையுறதுங்க" என்பேன்.

பூஜையறை வாசலில் நின்று தேடினேன். வாழையிலையில் தராசு, கத்தரிக்கோல், முழக்கோல், தறி நாடா எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு இருந்தன. நடுவில் என் கல். அந்த மடங்கிய காதின் மேலேயே ஒரு குங்குமப் பொட்டு.

"ஐயோ அம்மா, அது உசுரு!" என்று கத்திவிட்டேன்.

முதலாளியின் மனைவி நீலாம்பாள் திகைத்துப்போனார். "இன்னாப்பா சொல்ற? கல்லுன்னு இல்ல நெனச்சேன்! அதைப் பாக்கத்தான் ஜனம் வருது, கடைக்குச் சம்பாதிச்சிக் குடுக்குது, அதுக்கும் ஒரு பொட்டு வெக்கலாம்னு எடுத்தேன். இப்பதான் எடுத்தேன்பா, தீபாராதனைக்கு முன்னாடி."

"இருக்கட்டும், நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார் முதலாளி. "பூஜையில வெச்ச சாமானை மறுபூஜை போடாம தொடக்கூடாது."

விற்பனையில் நிற்கும் உமாபதி சும்மா இருப்பானா? "டேய் பாம்பன், கல்லுக்கு உசுரு இருக்குதுன்னா தராசுக்கும் இருக்கும்டா. அதுக்குக் கொஞ்சம் காப்பி குடு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் வேறு மாதிரி இருந்தது. "முதலாளி, இது கடற்பஞ்சா இருந்தா காத்துப் பட்டதுமே உள்ளுக்குள்ள செத்திருக்கும். திரும்பத் தொட்டியில போட்டா அழுகி அத்தனை மீனையும் கொன்னுரும். பவள வகைன்னா பொழைக்கும். எங்க ஊருல தண்ணி வத்துறப்ப அது வெயில்ல கெடந்து சுருங்கும், தண்ணி ஏறுனதும் விரிஞ்சிக்கிரும். நாளைக்கு வரைக்கும் வெளியில கெடந்தா ரெண்டும் தங்காதுங்க."

"வேற வாளியில போட்டு வையேன்" என்றான் உமாபதி.

"காத்து விடுற மோட்டார் ஒண்ணுதானண்ணே இருக்கு. அது இல்லாம வாளியில தாங்காது."

"அப்ப இது எதுப்பா?" என்றார் முதலாளி.

"அதான் தெரியலைங்க."

தெரியாது என்று சொல்ல எனக்கு எத்தனை கூச்சம்! இதற்காகத்தான் என்னைக் கூட்டிவந்திருக்கிறார். மீன்கள் செத்தால் ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்.

"எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?" என்றார் நீலாம்பாள்.

"பஞ்சுன்னா ஓட்டை சின்னதும் பெரிசுமாத் தாறுமாறா இருக்கும். பவளம்னா பூவெல்லாம் உள்ள இழுத்துக்கிட்டு, அது அது இருந்த எடத்துல புள்ளி தெரியும். வெறுங்கண்ணுக்குத் தெரியாதுங்க."

நீலாம்பாள் இலையைப் பார்த்தார். சேலையில் இழை எண்ணும் கண்ணாடியும் குங்குமத்தோடு அங்கேதான் இருந்தது.

"நீலா" என்றார் முதலாளி.

"அம்பாள் கோச்சிக்கினா நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே நீலாம்பாள் கண்ணாடியை எடுத்துவிட்டார். கண்ணாடியில் இருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்து, கல்லின் மேல் குனிந்தார். கல்யாணத்துக்கு முன்பு தறியில் உட்கார்ந்தவர்.

"ஓட்டை இல்லப்பா. சேலையில புட்டா போட்டா மாதிரி சமமா இருக்குது. ஒவ்வொண்ணும் குட்டி நட்சத்திரம்."

நானும் வாங்கிப் பார்த்தேன். நட்சத்திரம்தான்.

"பவள வகைங்க அம்மா."

"நிச்சயமாவா?" என்றார் முதலாளி. தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, போடு."

நீலாம்பாளே கல்லை இரண்டு கையாலும் ஏந்திவந்து தண்ணீரில் இறக்கினார்.

மறுநாள் அது இன்னும் சுருங்கி, மேலே மெழுகு பூசினாற்போல ஒரு படலம் மூடியிருந்தது. முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். அழுகல் வாடை இல்லை. உமாபதி பக்கத்தில் வந்து, "உன்னாண்டதான்டா மீன் வாடை" என்றான். ஆனால் மத்தியானம் அவனேதான் எனக்குச் சோறு கொண்டுவந்து தொட்டியருகில் வைத்தான். முதலாளி கல்லாவிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாரே தவிர, எடுத்து எறி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை, படலம் ஒரு ஓரத்தில் கிழிந்து, குங்குமப் பொட்டோடு கழன்று தண்ணீரில் மிதந்தது. கீழே அந்தக் காது அகல விரிந்து, பூனைமயிர் அத்தனையும் நிமிர்ந்து நின்றது. நீலாம்பாளைக் கூப்பிட்டேன். இழைக் கண்ணாடியைத் தொட்டியில் ஒட்டி வைத்துப் பார்த்தார்.

"மயிரு இல்லப்பா, பூவு! ஒண்ணொண்ணுக்கும் எட்டு இதழ் இருக்குது. இன்னாங்க, வந்து பாருங்க!"

முதலாளி பார்த்தார். உமாபதியும் பார்த்தான். எனக்குத்தான் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. எங்கோ கடலில் பிறந்த ஒன்றுக்காக, என் வார்த்தையை நம்பி, பூஜையில் வைத்ததைத் தொட்டெடுத்தது நீலாம்பாளின் கை.

"ரொம்ப நன்றிங்க அம்மா" என்றேன்.

"எனக்கு எதுக்குப்பா? வர்ற வருஷம் பொட்டைத் தொட்டிக் கண்ணாடிக்கு வெளியில வெக்கணும்னு எனக்கு மறக்காம சொல்லு" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "சாப்டியா?"